யாரோ துடைத்து வைத்த கண்ணாடி

"கல்லெறிஞ்சவன் ரொம்ப மரியாதை தெரிஞ்சவன் பாஸ். எறிஞ்ச கல்ல அவனே பொறுக்கி வரிசையா அடுக்கி வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றாள் ஜெமி.

ஆதிகேசவன் சிரிக்கவில்லை. ஜோலார்பேட்டை ரயில்வே போலீசில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு வேலூரில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர் அவர். ஜெமியின் நகைச்சுவைக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் சிரிப்பார். இந்த வாரத்துச் சிரிப்பு செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோயிருந்தது.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி நிற்கும் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. அதன் மொட்டை மாடியில் நான்கு சோலார் பேனல்கள் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் காலடியிலும் உள்ளங்கையில் அடங்குகிற கூழாங்கற்கள் வரிசையாக இருந்தன. ஏப்ரல் மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வேலூர்ப் பக்கத்தில் கேட்காமலே கிடைக்கிற ஒரே சரக்கு அதுதான்.

"நான் சொன்னேன்ல சார்? ஜெனரேட்டர் வாடகைக்கு விடுறானே, அவன் வேலதான் இது" என்றார், அவர்களை வரவழைத்திருந்த நிசார் அஹமது. "சோலார் ஜாஸ்தியாச்சுன்னா அவன் பொழப்பு கம்மியாயிடும். ஆள் வெச்சு கல்லடிச்சிருக்கான். பாருங்க, வெத்தல போட்டு துப்பிட்டு வேற போயிருக்கானுங்க."

பேனல்களின் கீழ் விளிம்புக்கு நேராக, சுண்ணாம்புத் தரையில் காப்பிக் கலரில் சொட்டுச் சொட்டாகக் கறை.

"ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி துப்பியிருக்கானுங்க பாய். ரவுடிங்கள்லயும் டிராயிங் மாஸ்டர் இருக்கான் போல" என்றாள் ஜெமி.

ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவள் அவள். மேனேஜரின் வழுக்கையைப் பற்றி ஒரு ஜோக் அடித்ததில் அந்த வேலை போயிற்று. அதே வாயை நம்பித்தான் ஆதிகேசவன் அவளை உதவிக்கு வைத்துக்கொண்டார். அவள் பேசிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவன் அவரைக் கவனிக்க மாட்டான். சேர்ந்த நாளிலிருந்து ஒரு கேஸைக்கூட அவள் அவரை முந்திக் கண்டுபிடித்ததில்லை. முந்தினால் ஆம்பூரில் பிரியாணி வாங்கித் தருவதாக அவர் பந்தயம் கட்டி, அந்தப் பந்தயத்துக்கே இரண்டு வயதாகிவிட்டது.

நிசார் பாய் போன வருடம்வரை தோல் கம்பெனி முதலாளி. இப்போது சோலார் கம்பெனி முதலாளி. தோல் ஊறிய தொட்டிகளை இடித்துத் தரை போட்டு, அதே ஷெட்டில் பேனல் செய்ய ஆரம்பித்திருந்தார். செல் மட்டும் வெளியிலிருந்து வரும். கண்ணாடி ஒட்டுவது, சட்டம் அடிப்பது, ஒயர் இழுப்பது எல்லாம் ஆம்பூரிலேயே. 'நம்ம ஊர் பேனல்' என்று போர்டு வைத்தார். ஊர் அவரைக் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. கட்டுப்படியாகுமா பாய்? அந்த ஒரு கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. பதில் சொல்வதற்காகவே இந்த ஆஸ்பத்திரிக்கு நாலு பேனலை இலவசமாக மாட்டினார். மின்வாரிய கரண்டிலும் பேட்டரி சார்ஜ் ஆகிற மாதிரி ஒரு ஒயர் இருந்தது. அதையும் கழற்றச் சொன்னார். அப்போதுதானே கரண்ட் பில் பாதியாகக் குறையும், வருகிறவர்களிடம் காட்ட முடியும்! சோலார்தான் வந்துவிட்டதே என்று ஆஸ்பத்திரி டிரஸ்ட்காரர்கள் பழைய ஜெனரேட்டரை விற்றுக் காசாக்கினார்கள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. வழக்கம்போல பேட்டரி வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஒரு பெண் குழந்தை, சூடு கொடுக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. பெட்டி அணைந்தது. நர்ஸ் ஜெயசீலி அதை எடுத்துத் தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். 108 வந்து நின்றபோது அவசரமாக ஏற்றிக்கொண்டு போக எதுவும் மிச்சமில்லை.

யார் கிளப்பினார்களோ, நர்ஸ் வெந்நீர் ஹீட்டர் போட்டுப் பேட்டரியைத் தீர்த்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. குழந்தையின் அப்பா கோபி அவள் இடது கையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் ரோட்டுக்குக் கேட்டதாக ஊரில் ரசித்துச் சொல்கிறார்கள். இன்று மத்தியானம் இன்ஸ்பெக்டரும் டிரஸ்ட்காரர்களும் வருகிறார்கள். அதற்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால், உடைந்த கையோடு ஜெயசீலி ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

நிசார் பாய்க்கு அவள் கவலை இல்லை. வந்த ஆர்டரெல்லாம் ரத்தாகிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஆதிகேசவனைக் கூப்பிட்டார்.

"மீட்டர் வெச்சுப் பாருங்க சார்" என்று அவரே ஒயர்களைப் பொருத்தினார். முள் துள்ளி எழுந்து நின்றது. "என் பேனல்ல இன்னா கொற? தங்கம் சார், தங்கம்."

ஆதிகேசவன் பேனல்மேல் விரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் அதே விரலால் 'ஆதி' என்று எழுதினார். புழுதியில் பெயர் பளிச்சென்று விழுந்தது.

"மாடி பூரா ஒரு இன்ச் புழுதி. கண்ணாடி மட்டும் சுத்தமா இருக்கு. யாரு துடைச்சது?"

"எங்க ஆளுங்க வந்து மாசக்கணக்காச்சே" என்றார் பாய்.

"பாத்தீங்களா பாஸ், கெடுக்க வந்தவன் துடைச்சு குடுத்துட்டுப் போயிருக்கான். இவன அரெஸ்ட் பண்ணக் கூடாது, வேலைக்கு வெச்சுக்கணும்." சொல்லிக்கொண்டே ஜெமி ஒரு கூழாங்கல்லை எடுத்து சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். "கோர்ட்ல காட்றதுக்கு."

ஆதிகேசவன் படியிறங்கினார்.

மாடிப்படி நேராக வார்டுக்குள்தான் இறங்கியது. நாலு கட்டில், எல்லாம் காலி. குழந்தை செத்த ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள்? வாசல் வராந்தாவில் ஒரு பெஞ்சின் இந்தக் கோடியில் ஜெயசீலி, கழுத்திலிருந்து தொங்கும் கட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோடியில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செத்துப்போன குழந்தையின் தாய் ஜாஸ்மின். தையல் பிரிக்க வந்தவள். பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஜெயசீலிதான், அவளுக்கோ ஒரு கைதான் இருந்தது.

"ஹீட்டர் போட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

"ஹீட்டரே இல்ல சார் இங்க. கெரசின் ஸ்டவ்தான். வேணும்னா கரிய தொட்டுப் பாருங்க."

"பேட்டரி கம்மியாகுதுன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது. பேட்டரி பொட்டில செவப்பு லைட் எரிஞ்சுது. பாய் கம்பெனிக்கு போன் போட்டேன். வெயிலடிச்சா சரியாயிடும்மா, வைங்கன்னுட்டாங்க." ஜெயசீலி வெளியே கை காட்டினாள். "வெயில் எப்படி அடிக்குதுன்னு நீங்களே பாருங்க. இதுக்கு மேல எங்கேருந்து சார் அடிக்கும்?"

"மாடிக்கு யார் யார் போவாங்க?"

"என் முட்டிக்கு ஏற முடியாது. கூட்டுற அம்மா நின்னு நாளாச்சு. கண்ணாடியத் தொடாதீங்க, ஷாக்கடிக்கும்னு கம்பெனிலயே சொல்லிட்டாங்க. பேஷன்ட்டோட வர்றவங்க துணி காயப்போடப் போவாங்க, அவ்ளோதான். அந்த வாரம் பேஷன்ட்டும் ஒரே ஆளுதான்."

ஜெமி அதையெல்லாம் கேட்டாளா என்றால் கேட்டாள். காதில் போட்டுக்கொண்டாளா என்பது வேறு விஷயம். அவள் ஜெனரேட்டர் வாடகைக்காரனை எப்படி மடக்குவது என்ற யோசனையில் இருந்தாள்.

வேப்பமரத்தடியில் தன் டிவிஎஸ் வண்டியில் சாய்ந்து நின்றான் கோபி. முப்பது வயதுகூட இருக்காது. காலையில் இவர்கள் வந்து இறங்கியதுமே ஓடி வந்தவன் அவன். "எவன்னு மட்டும் சொல்லுங்க சார். அவன் கைய வெட்டிப் போட்டுட்டுதான் நான் ஸ்டேஷனுக்குப் போவேன். சிஸ்டரா இருந்தாலும் செரி, எவனா இருந்தாலும் செரி" என்றான். நர்ஸின் கையை உடைத்தவன்தான். ஆனாலும் குழந்தையைக் குழியில் வைத்துவிட்டு வந்த மனுஷன். அவனுக்கு ஒரு பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தே தீருவது என்று ஜெமி அப்போதே முடிவு கட்டியிருந்தாள்.

ஆதிகேசவன் தனியாக அவனிடம் போனார். ஜெமி வராந்தாவிலிருந்தே பார்த்தாள். அவர் ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். வண்டியின் பின்னால் கட்டியிருந்த பிளாஸ்டிக் கூடையை அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஆறுதல் சொல்வதுபோல அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடாமல் நின்றார்.

திரும்பி வந்தவர் முகம் சரியில்லை.

"ஜெமி, போய் வண்டிய எடு. கிளம்பலாம்."

"கிளம்பறதா? மத்தியானம் இன்ஸ்பெக்டர் வர்றாரே பாஸ்!"

"நான் மட்டும் வந்து தனியா பேசிக்கறேன். நீ வண்டிய எடு."

ஜெமிக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள். கிழவர் கண்டுபிடித்துவிட்டார்! பிரியாணிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு, தான் முந்துவதற்குள் ஓடப் பார்க்கிறார். இரண்டு வருடமாக இதே வேலை. வண்டிச் சாவி மாடியில் விழுந்திருக்கும் என்று ஒரு பொய்யை வீசிவிட்டு அவள் படியேறி ஓடினாள்.

மாடியில் நிசார் பாய் மீட்டரை வைத்துக்கொண்டு, கைபேசியில் யாருக்கோ "நூறு பர்சன்ட் கேரன்டி" சொல்லிக்கொண்டிருந்தார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. ஜெமியின் கறுப்புத் துப்பட்டா தோளிலிருந்து கிளம்பி ஒரு பேனல்மேல் போய் அப்பிக்கொண்டது. எடுத்தாள். மறுபடி பறந்தது. பேஜாராகிப்போய், துப்பட்டாவை நாலாக மடித்து அந்தப் பேனல்மேலேயே போட்டாள். பறக்காமல் இருக்கப் பாக்கெட்டிலிருந்த கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

கை அப்படியே நின்றது.

"இன்னாம்மா இது, முள்ளு படுத்துடுச்சே" என்றார் பாய் மீட்டரைப் பார்த்து. "துணிய எடு, துணிய எடு."

ஜெமி கல்லைப் பார்த்தாள். காலடியில் வரிசையாக இருந்த மற்ற கற்களைப் பார்த்தாள். தரையில் காப்பிக் கலர்ச் சொட்டுகளைப் பார்த்தாள். குனிந்து ஒரு சொட்டை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். வெற்றிலை நாற்றம் இல்லை. ஷூ கம்பெனி குடோனில் வருடக்கணக்காகச் சுவாசித்த நாற்றம்.

"பாஸ்!" என்று அவள் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின. "பிரியாணி உங்க செலவு! கண்டுபிடிச்சிட்டேன்!"

முதலில் மேலே வந்தவன் கோபி. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்திருந்தான். பின்னால் மூச்சு வாங்க ஆதிகேசவன்.

"யாருக்கா? எவன்?" என்றான் கோபி.

"ஜெமி, கீழ வா" என்றார் ஆதிகேசவன்.

"இருங்க பாஸ். ரெண்டு வருஷம் கழிச்சு ஜெயிச்சிருக்கேன், ரெண்டு நிமிஷம் பேச விடுங்க." அவள் பேனலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! "பாய், யாரும் கல்லடிக்கல. அடிச்சிருந்தா கண்ணாடில ஒரு கீறலாவது இருக்கும். இந்தக் கல்லு எதுக்குன்னா, மேல போட்டது காத்துல பறக்காம இருக்கறதுக்கு. சாயங்காலம் எடுத்து வரிசையா வெச்சுட்டுப் போறது, நாளைக்கும் வேணும்னு. இது வெத்தல இல்ல, சாயத்தண்ணி. பேனல்மேல யாரோ ஈரத்தோலு காயப்போட்டிருக்கான்!"

"தோலா!" என்றார் பாய்.

"தோலேதான். ஊர்ல வேற எங்கயும் எவனும் இதப் பண்ண மாட்டான். ஆம்பூர்க்காரன் மட்டும்தான் பண்ணுவான். ஏன்? சாய்வா கண்ணாடி, நேர் வெயிலு, தொட்டா சுடுது. உங்க பழைய கம்பெனில பேஸ்டிங் செக்‌ஷன் எப்படி இருக்கும் பாய்? பெரிய பெரிய கண்ணாடித் தகடு, அதுல ஈரத்தோல ஒட்டி சூட்டுல காய வெப்பீங்க. அந்த செக்‌ஷன்ல வேல பாத்தவன் இந்த மாடிக்கு வந்து இதப் பாத்தா இன்னா நெனப்பான்? கரண்ட் பொட்டின்னா நெனப்பான்? நம்ம கண்ணாடி இங்க கெடக்குன்னு நெனப்பான்."

"ஜெமி, போதும்."

"முக்கியமானதே இன்னும் வரல பாஸ். கண்ணாடி ஏன் சுத்தமா இருக்கு? பேஸ்டிங் ஆளு துடைக்காம தோல விரிக்கவே மாட்டான். தூசி பட்டா தோலு ரிஜெக்ட். கை தானா துடைக்கும்."

கோபி நெற்றியைச் சுருக்கினான். "அதுல காயப்போட்டா இன்னாக்கா ஆவும்? கரண்ட்டு கம்பத்துலருந்துல்ல வருது?"

அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் அவள் நிறுத்தியிருக்க வேண்டும். ஆதிகேசவன் கண்ணை மூடிக்கொண்டதையாவது பார்த்திருக்க வேண்டும். அவள் கோபிக்கு நியாயம் வாங்கிக் கொடுக்கிற அவசரத்தில் இருந்தாள்.

"கம்பத்துக் கரண்ட் போச்சுன்னா உங்க குழந்த இருந்த பெட்டிக்கு இதுலருந்துதான் கரண்ட் வரணும் கோபி. பகல்ல இதுமேல வெயில் பட்டாத்தான் பேட்டரி ஏறும். மூடி வெச்சா ஏறாது. துப்பட்டா போட்டதுக்கே மீட்டர் படுத்துடுச்சு, பாய் சாட்சி. அத்தினி நாளா இவன் தோலப் போட்டு மூடியிருக்கான். இனிமே ஆளப் பிடிக்கறது ஈசி. மாடிப்படி வார்டுக்குள்ள இருக்கு, வெளியாள் ஏற முடியாது. சிஸ்டர் ஏற மாட்டாங்க. பேஷன்ட்டுக்குத் துணையா வந்தவன்தான். தோலு வேல தெரிஞ்சவன். அந்த வாரம் பூரா வார்டுல இருந்த ஒரே பேஷன்ட்டு..."

வாக்கியம் அங்கேயே அறுந்தது.

கோபி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக் கண்களில் காப்பிக் கலர்ச் சாயம். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத சாயம்.

மீட்டர் ஒயர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நிசார் பாய் கோபியை உற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா... நீ நம்ம பேஸ்டிங் செக்‌ஷன் கோபி இல்ல?"

கோபி தலையாட்டினான். தோல் கம்பெனியை மூடிய அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவனும் ஒருவன். குழந்தை செத்த அன்றிலிருந்து இந்த வளாகத்திலேயே நின்றுகொண்டிருந்தவனை முதலாளி இப்போதுதான் அடையாளம் கண்டார்.

"ரத்தக் கொதிப்புன்னு இவள முன்னாடியே படுக்க வெச்சுட்டாங்க" என்றான் கோபி, யாரிடம் என்றில்லாமல். "கிளவுஸ் தைக்கற ஈரத்தோல கூலிக்கு வாங்கி வீட்லதான் காயப்போடுவேன். இங்கயும் இருக்கணும், வேலயும் பாக்கணும். மேல பாத்தா கண்ணாடி சும்மா கெடந்துச்சு. மொதல்ல ரெண்டுலதான் போட்டேன். பொண்ணு பொறந்த மறுநாளு... கூடை நெறைய டபுளா வாங்கியாந்தேன். நாலுலயும் விரிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னிக்கு நல்ல வெயிலுக்கா."

"அல்லா காப்பாத்தினான்" என்றார் நிசார் பாய். நெஞ்சில் கை வைத்து நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்போ என் பேனல்ல தப்பில்ல." கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு படிப்பக்கம் நகர்ந்தார். கோபி அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினான். பழைய பழக்கம்.

ஆதிகேசவன் ஜெமியின் அருகில் வந்தார். அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. இப்போதும் குரல் உயரவில்லை.

"உன்ன வண்டிய எடுக்கத்தான சொன்னேன்?"

"பாஸ்... சொல்லாம விட்டிருந்தா சிஸ்டர் உள்ள போயிருப்பாங்களே."

"கம்பத்துக் கரண்ட்ல பேட்டரி ஏறுற ஒயரக் கழட்டினது கம்பெனி. செவப்பு லைட்டுன்னு போன் வந்தும் ஆளனுப்பாதது கம்பெனி. அந்த ரெண்ட வெச்சே சிஸ்டர வெளிய கொண்டாந்திருப்பேன். நமக்கு ஃபீஸ் போயிருக்கும், அவ்ளோதான். இவனுக்கு இது கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. அதுக்குத்தான் கிளம்பலாம்னேன்." அவர் கோபியைப் பார்த்தார். "இப்ப பாய்க்கு ஆள் கெடச்சாச்சு."

பாய்க்கு நிஜமாகவே ஆள் கிடைத்துவிட்டது. படியிறங்கும்போதே அவர் குரல் கட்டிடம் முழுக்கக் கேட்டது. "ஆர்டர நிறுத்தாதீங்க சாப், நம்ம பேனல் நல்லாத்தான் வேல செய்யுது... ஆமா ஆமா, கண்டுபிடிச்சாச்சு... வேற யாரும் இல்ல, பெத்த அப்பனே தோலப் போட்டு மூடியிருக்கான்! படிக்காத ஜனங்க, இன்னா பண்றது சொல்லுங்க..."

ஜெமி இறங்கி வராந்தாவுக்கு வந்தபோது அங்கே எல்லாம் தெரிந்திருந்தது.

ஜெயசீலி எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் இரக்கத்தைத் தேடினால் கிடைக்காது. வாரம் பூரா தெருவே கொலைகாரி என்று கூப்பிட்ட பிறகு அது எங்கிருந்து வரும்?

"இன்ஸ்பெக்டர் வருவார்ல?" என்றாள் ஆதிகேசவனிடம். "தெருவுல வெச்சு சொல்லுங்க சார். என்ன செருப்பால அடிச்சாங்களே, அவங்க எல்லாரும் நிக்கட்டும். மைக் வெச்சு சொல்லுங்க. எவன் என் கைய ஒடச்சானோ அவன் பேர நல்லா சத்தமா சொல்லுங்க."

கோபி கடைசிப் படியில் நின்றான். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. காலையில் அவன் வெட்டிப் போடுவதாகச் சொன்ன கைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன.

பெஞ்சின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஜாஸ்மின் மெதுவாகத் திரும்பினாள். தையல் இழுத்தது போலிருக்கிறது, பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப முடிந்தது. அவள் ஜெயசீலியைப் பார்த்துப் பேசியது குழந்தை போன பிறகு அதுதான் முதல் தடவை.

"என் பேரையும் சேத்து சொல்லச் சொல்லுங்க சிஸ்டர்."

"உன் பேரு எதுக்குடி?"

"நீங்கதான காலையில சாயங்காலம் நட நடன்னு சொன்னீங்க. ஆத்தங்கரை வரைக்கும் நடந்தேன். நடக்கும்போது ஒவ்வொண்ணா பொறுக்கினேன்." அழுகை இல்லை, கணக்கு ஒப்புவிக்கிற குரல். "பெரிய கல்லுன்னா தோலு அழுந்தி தழும்பு விழும். சின்னதுன்னா காத்துல பறந்துடும். அளவா பாத்து பாத்து பொறுக்கி, நான்தான் அவருகிட்ட குடுத்தேன்."

ஜெயசீலி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் மைக்கைப் பற்றிப் பேசவில்லை.

ரோட்டில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நிசார் பாய் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக வாசலுக்குப் போனார்.

எதையாவது சொல்லித்தான் ஜெமிக்குப் பழக்கம். இப்போது அவள் தன் கையைத்தான் பார்த்தாள். துப்பட்டாவை எடுத்துக்கொண்டு இறங்கியபோது அந்தக் கல்லையும் எடுத்து வந்திருக்கிறாள். மாடி வெயிலில் கிடந்தது, இன்னும் அவள் கைக்குள் சுட்டது. அளவான கல். ஜாஸ்மின் அதைப் பார்த்துவிட்டாள். ஜெமி எல்லாரையும் அவமானத்தோடு ஒரு தடவை பார்த்தாள். அந்த வராந்தாவில் அதைக் கீழே வைக்க அவளுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.